தெளிவான தண்ணீர், டி.டி.எஸ் 310, ஆனாலும் வயிற்றுப்போக்கு: சம்ப்பில் சாக்கடை கலக்கிறதா?

வேளச்சேரி_சங்கச்செயலர்:
24 வீடு உள்ள அடுக்ககம். 20,000 லிட்டர் சம்ப்பில் (தரைக்கு அடியில் உள்ள தொட்டி) தெருக் குழாயில் வரும் மெட்ரோ வாட்டரும் தனியார் லாரித் தண்ணீரும் விழுகின்றன. இந்த வாரம் நாலு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, இரண்டு பெரியவர்களுக்கு மஞ்சள் காமாலை. தண்ணீரில் கலங்கலோ வாடையோ இல்லை, டி.டி.எஸ் 310. அப்படியென்றால் காரணம் தண்ணீர் இல்லைதானே?

நீர்_ஆய்வகம்:
அப்படிச் சொல்ல முடியாது சார். டி.டி.எஸ் மீட்டர் கரைந்த உப்பை மட்டும்தான் காட்டும். சாக்கடை கொஞ்சமாகக் கலந்தால் அந்த எண் அசையவே அசையாது. முதலில் குளோரின் பார்க்கும் கிட் வாங்குங்கள். தெருக் குழாய் சம்ப்பில் விழும் வாய், சம்ப், கடைசி மாடி அடுப்படிக் குழாய் ஆகிய மூன்று இடத்திலும் பாருங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் இருக்க வேண்டும். தெருத் தண்ணீரில் குளோரின் இருக்க, சம்ப்பில் அது பூஜ்யமானால் கோளாறு உங்கள் சம்ப்பிலோ லாரித் தண்ணீரிலோ இருக்கிறது. லாரி வராத நாளில் இன்னொரு முறை பார்த்தால் எது என்று பிரிந்துவிடும்.

தெருத் தண்ணீரைத் திறந்துவிட்ட முதல் ஐந்து நிமிடத்திலேயே பிடித்துப் பாருங்கள். சப்ளை இல்லாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. பக்கத்தில் தேங்கிய சாக்கடை விரிசல் வழியாக உள்ளே இறங்கும். யாராவது லைனில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம்.

கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுங்கள். பாட்டிலைக் கழுவாதீர்கள், உள்ளே குளோரினை முறிக்கும் மருந்து இருக்கும். 100 மில்லியில் மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்று கூட இருக்கக் கூடாது.

வேளச்சேரி_சங்கச்செயலர்:
டிரைனேஜ் சேம்பர் (சாக்கடைக் குழாய்கள் சேரும் தொட்டி) சம்ப்பிலிருந்து நாலு அடிதான்.

பிளம்பிங்_மேற்பார்வை:
அப்போ அதைத்தான் முதலில் சந்தேகப்படணும். சம்ப்பைக் காலி செய்து, சேம்பரில் கலர் சாயம் ஊற்றி, சேம்பர் பக்கச் சுவரை டார்ச் அடித்து ஒரு நாள் கவனியுங்க. குழாய் நுழையும் துளையைச் சுற்றித்தான் பெரும்பாலும் கசியும். சும்மா சிமெண்ட் பூசினால் நிற்காது. கொத்தி எடுத்து வாட்டர்ப்ரூஃப் கலவை வைக்கணும், சேம்பரையும் சேர்த்துச் சரிசெய்யணும். மூடியிருந்த சம்ப்பில் காற்று கெட்டிருக்கும். திறந்து காற்றோட்டம் விடாமல், மேலே ஆள் நிற்காமல் யாரையும் இறக்காதீங்க.

அடைத்த பிறகு சம்ப்பை நிரப்பி 4 கிலோ ப்ளீச்சிங் பவுடர் (25 சதவீத குளோரின் உள்ளது). வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்க. மாடித் தொட்டிக்கு ஏற்றி, எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, 12 மணி நேரம் விடுங்க. அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவோ குளிக்கவோ கூடாது, முழுக்க வெளியேற்றணும். அப்புறம் ஒவ்வொரு நிரப்புக்கும் 160 கிராம், அரை மணி கழித்து மோட்டார். திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும். கிட்டில் பார்த்து அளவைக் கூட்டுங்க.

பொதுசுகாதாரம்_மருத்துவர்:
காமாலைக் கிருமி உடம்பில் புகுந்து நோயாக வெளிப்பட இரண்டு வாரம் முதல் ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகலாம். வயிற்றுப்போக்கோ பெரும்பாலும் சில நாளில் வரும். ஆகவே கலப்பு இந்த வாரம் தொடங்கியதாக இருக்காது, இன்னும் புதிய காமாலை வரக்கூடும். கட்டிடத்தில் கர்ப்பிணி இருந்தால் இன்றே சொல்லுங்கள், தண்ணீர் மூலம் பரவும் ஹெபடைடிஸ் ஈ என்ற காமாலை அவர்கள் உயிருக்கே ஆபத்து. ஆர்.ஓ. வைத்த வீடும் உட்பட எல்லோரும் நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு ஆறவைத்துக் குடியுங்கள். பல் துலக்கவும் அந்தத் தண்ணீர்தான். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளிகள் பட்டியலை வீட்டு எண்ணோடு, நோய் தொடங்கிய தேதியோடு கொடுங்கள். பக்கத்துத் தெருவிலும் இருந்தால் கோளாறு தெரு லைனில் என்று அவர்களுக்குப் புலப்படும்.