மட்கார்டு பழைய உயரத்துக்கு வந்தால் டிரெய்லர் ஆடவே ஆடாதாம்!

அச்சாணி:
வேறொரு இழையில் நெடும்பயணி அருளிய வாக்கு: "ஸ்பிரிங் பார் வைத்த எடைப் பகிர்வு ஹிட்சை மாட்டுங்கள். டிரெய்லர் மாட்டியதும் மேலே எழும்பிய வண்டியின் முன் மட்கார்டு பழைய உயரத்துக்கு முழுசாக இறங்கும்வரை பாரை இறுக்குங்கள். அப்புறம் எந்த வேகத்திலும் பக்கவாட்டு ஆட்டம் வராது." (ஹிட்ச் என்பது வண்டியோடு டிரெய்லரை இணைக்கும் கொக்கி. இந்த வகையில் ஸ்பிரிங் பாரை இறுக்கினால், பின் ஆக்சிலில் ஏறிய பாரத்தில் கொஞ்சம் முன் ஆக்சிலுக்கும் டிரெய்லர் ஆக்சிலுக்கும் போகும்.) இதை நம்பி யாராவது நெடுஞ்சாலையில் ஏறிவிடப் போகிறார்களே என்ற வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். முழுசாக இறக்கவே கூடாது. பாதி போதும்.

நெடும்பயணி:
பெயரைப் போட்டு வம்புக்கு இழுத்தாயிற்று, வருகிறேன். ஹிட்ச் குண்டின் மேல், அதாவது டிரெய்லர் மூக்கு வந்து உட்காரும் இரும்பு உருண்டையின் மேல், 200 கிலோ இறங்குகிறது. குண்டு, பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால். வீல்பேஸ், அதாவது முன் பின் ஆக்சில்களுக்கு இடைவெளி, 3 மீட்டர். முன் ஆக்சிலில் 80 கிலோ குறையும், பின் ஆக்சிலில் 280 கிலோ கூடும். முன்னால் பாரம் போனால் ஸ்டீயரிங் எப்படிப் பிடிக்கும், பிரேக் எப்படிப் பிடிக்கும்? ஹெட்லைட் வேறு எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். போன பாரத்தைத் திரும்பக் கொண்டுவா என்கிறேன். இதில் என்ன தப்பு தம்பி?

அச்சாணி:
கணக்கு சரி, முடிவுதான் கோணல். அந்த 80 கிலோவை முன்னுக்குத் தள்ளும்போது பின் ஆக்சிலிலிருந்து அதைவிட அதிகமாக எடுக்கிறீர்கள். மிச்சம் டிரெய்லர் ஆக்சிலுக்குப் போகிறது. பின் சக்கரத்தின் பிடி குறைந்த நிலையில் சடாரென்று ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டியின் பின்பக்கம் விலகும். பின்னால் டிரெய்லரும் தள்ளினால் இரண்டும் மடங்கி நிற்கும். சில பிக்கப் கையேடுகள் எழும்பிய உயரத்தில் பாதியை இறக்கினால் போதும் என்று சொல்வது இதனால்தான். பாதி. அப்புறம், என்னைத் தம்பி என்று கூப்பிட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

நெடும்பயணி:
என் வண்டிக் கையேடு முழுசாக என்கிறது. எழுதியவர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ, தம்பி?

பழைய_ஸ்பேனர்:
மட்கார்டை விடுங்கப்பா. முதலில் குண்டில் கிரீஸ் தடவியிருக்கிறீர்களா? பாதிப் பேர் தடவுவதில்லை. குண்டைக் கவ்வும் டிரெய்லர் மூக்கு இருக்கிறதே, அந்தக் கப்ளரின் உள்பக்கம் தேய்ந்து பளபளவென்று இருக்கும், இரும்புத்தூள் உதிரும். அப்புறம் ஆடுகிறது, ஆடுகிறது என்று இங்கே வந்து புலம்புவார்கள்.

கேரவன்_குமார்:
ஸ்பேனர் சார், எல்லாக் கப்ளருக்கும் கிரீஸா? உரசல் பட்டை வைத்த ஸ்டெபிலைசர் கப்ளரில், பட்டை குண்டை இறுக்கிப் பிடித்துத்தான் ஆட்டத்தை அடக்குகிறது. அதில் கிரீஸ் தடவினால் பட்டை தொலைந்தது. குண்டைச் சுத்தமாகத் துடைத்து, பெயின்ட் இருந்தால் அதையும் எடுத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

பழைய_ஸ்பேனர்:
நான் சாதாரணக் கப்ளரைச் சொன்னேன். போன தடவை டயர் இழையிலும் இப்படித்தான் சொல்லாததைச் சொன்னதாக ஆக்கினீர்கள். மறக்கவில்லை.

அச்சாணி:
கிரீஸ் சண்டைக்குத் தனி இழை திறவுங்கள். ஆட்டத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 2000 கிலோ டிரெய்லரில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 200 முதல் 300 கிலோ, குண்டின் மேல் இறங்க வேண்டும். கனமான சாமானைப் பின் ஓரத்தில் அடுக்கினால் இது குறையும், டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். வேகம் ஏற ஏற ஆட்டம் தானாக அடங்கும் தன்மை குறைகிறது. ஒரு வேகத்தைத் தாண்டினால் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிசாகும். அந்த நிலையில் உங்கள் மட்கார்டு எந்த உயரத்தில் இருந்து என்ன பயன்? "எந்த வேகத்திலும்" என்று எழுதியது யார்?

நெடும்பயணி:
ஐரோப்பாவில் பல கார்களுக்குக் குண்டின் மேல் 75, 100 கிலோதான் அனுமதி. 1500 கிலோ கேரவனுக்கு உங்கள் 10 சதவீதம் எங்கே போயிற்று? அங்கே எல்லாரும் கவிழ்ந்தா கிடக்கிறார்கள்?

அச்சாணி:
அங்கே கேரவனின் கனம் ஆக்சிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும்படி அடுக்குகிறார்கள், வேக வரம்பும் குறைவு. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கண்டம் தாண்டி ஓடாதீர்கள். முழுசா, பாதியா?

புதுச்சக்கரம்:
மன்னிக்கவும், ஒரு சந்தேகம். ஓடும்போது ஆட ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது? வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்கிறார்களே?

கேரவன்_குமார்:
கூட்டவே கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் திருப்பித் துரத்த வேண்டாம். டிரெய்லருக்குத் தனி பிரேக் கன்ட்ரோலர் இருந்தால் அதை மட்டும் கையால் மெதுவாக அழுத்துங்கள், பின்னாலிருந்து இழுத்து நேராக்கும். வண்டி பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள்.

நெடும்பயணி:
முன் சக்கரத்தில் பாரம் இருந்தால்தானே ஸ்டீயரிங்கை நேராகப் பிடிக்க முடியும். நான் சொன்னதற்கே வந்து சேர்ந்தீர்கள்.

அச்சாணி:
பிடித்த முயலுக்கு மூன்றே கால்! எடை மேடைக்குப் போய் மூன்று முறை எடை பாருங்கள்: வண்டி தனியாக, டிரெய்லர் மாட்டிப் பார் இல்லாமல், பார் இறுக்கிய பிறகு. மூன்று சீட்டிலும் முன் ஆக்சில், பின் ஆக்சில் எடையைத் தனித்தனியாக இங்கே போடுங்கள்.

நெடும்பயணி:
எனக்கு டேப் போதும். மட்கார்டு அடியிலிருந்து தரைவரை பிடித்துப் பார்க்கிறேன், எண் பழையபடி வந்துவிடுகிறது. சீட்டு கேட்க நீங்கள் என்ன ஆர்டிஓவா?

பழைய_ஸ்பேனர்:
டேப் பிடிக்கும் முன் டயர் காற்றைப் பார்த்தீர்களா? பின் டயரில் காற்று கம்மியாக இருந்தால் உங்கள் இரண்டு பேர் அளவும் பொய்தான்.

அச்சாணி:
காற்று, கிரீஸ், ஐரோப்பா எல்லாம் வந்துவிட்டது, சீட்டு மட்டும் வரவில்லை. பாதி என்று நான் சொன்னது அப்படியே நிற்கிறது.