அம்மாவோடு பறவை பார்க்க: தலங்கமவா, பெத்தகானவா?

வெள்ளவத்தைவாசி:
சொந்த வாகனம் இல்லை. சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டு பத்து மணிக்குள் வெள்ளவத்தைக்குத் திரும்பவேண்டும். அம்மாவும் வருவார், முழங்கால் நோவால் நீளமாக நடக்கமாட்டார். கையில் 8×40 பைனாக்குலர் இருக்கிறது. கொழும்பைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் தலங்கம, பெத்தகான, தியசறு, அத்திடிய என்று நாலு பெயர் சொல்கிறார்கள். முதலில் எங்கே, எந்த மாதத்தில் போகலாம்?

குளக்கட்டு:
தலங்கம குளம். ரோட்டே குளத்தை ஒட்டித்தான் போகிறது, ஓட்டோவால் இறங்கின இடத்திலேயே பறவை. கொள்ளுப்பிட்டியில் கடுவெல போகும் 177 ஏறி, பத்தரமுல்லை தாண்டி கொஸ்வத்தவில் இறங்குங்கள். மிச்சத் தூரத்துக்கு ஓட்டோ. ஆறேகாலுக்குக் கரையில் நிற்கப் பாருங்கள். எட்டரைக்குப் பிறகு வெயிலும் வாகன இரைச்சலும் ஏறிவிடும்.

வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் தாழைக்கோழியின் நீலமும் தெரியாது, சிவப்பு அலகும் தெரியாது, எல்லாம் கறுப்பு உருவம்தான்.

நீளவால் இலைக்கோழியை அங்கே ஆறுதலாகப் பார்க்கலாம். அந்த நீள வால் இனப்பெருக்க காலத்தில்தான் இருக்கும். மற்ற நேரம் வால் கட்டை, மேல்பக்கம் மண்ணிறம். அதனால்தான் பலர் வேறு பறவை என்று எழுதிவைக்கிறார்கள். முட்டையை அடைகாப்பது ஆண், பெண் அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். மிதக்கும் இலையில் ஒரே இடத்தில் குந்தியிருக்கிற பறவை உங்களைக் கண்டு கழுத்தை நிமிர்த்தினால் பின்வாங்குங்கள். அது எழும்பிப் போனால் காகத்துக்கு ஒரு நிமிஷம் போதும்.

கூழைக்கடா, நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை, சீழ்க்கைச் சிறகி எல்லாம் எந்த மாதமும் உண்டு. வலசை வருபவைக்கு ஒக்டோபர் முதல் மார்ச் வரை. மின்கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான் குந்தியிருந்தால் காலம் தொடங்கிவிட்டது. ஒக்டோபர், நவம்பரில் மழை பெரும்பாலும் பின்னேரம்தான், காலை தப்பும்.

சதுப்புக்காரன்:
தலங்கமவில் நிழலும் இருக்கையும் குறைவு, மடக்குக் கதிரை ஒன்று கொண்டுபோங்கள். பெத்தகானவில் சதுப்புக்கு மேலாகப் பலகை நடைபாதை இருக்கிறது, மழை நாளிலும் சேறு மிதிக்கத் தேவையில்லை. ஆனால் அது ரிக்கற் எடுத்துப் போகிற இடம். கேற் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று முதல்நாளே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல நேரம் வாசலிலேயே போய்விடும். தலவத்துகொடவில் உள்ள தியசறுவுக்கும் இதே கதைதான்.

பெல்லன்வில-அத்திடிய 1990இல் சரணாலயமாக்கப்பட்ட 372 ஹெக்டேயர் சதுப்பு. நாணலுக்குள் ஒளிந்து நிற்கும் கொக்கினமான குருகுகளுக்கு நல்ல இடம், முழங்காலுக்கு இல்லை. உண்மையில் அம்மாவுக்கு ஏற்றது கொழும்புக்கு வடக்கே உள்ள முத்துராஜவெல சதுப்புத்தான். போபிட்டியவில் படகு ஏறினால் நடையே கிடையாது. கண்டல் பக்கம் வரும்போது மோட்டரை நிறுத்தித் துடுப்புப் போடச் சொல்லுங்கள், மோட்டர் ஓடினால் பெரிய அலகு மீன்கொத்தியின் முதுகைத்தான் காண்பீர்கள். ஆனால் பத்து மணிக்குள் வெள்ளவத்தை என்றால் அதை மறந்துவிடுங்கள்.

வெள்ளவத்தைவாசி:
அப்ப தலங்கம. குருகு என்றதும் ஞாபகம் வந்தது: மஞ்சள் குருகையும் செங்குருகையும் எப்படிப் பிரிப்பது? இரண்டுமே நாணலுக்குள் கலங்கலாகத்தான் தெரிகிறது.

நாணல்கரை:
பறக்கும்போது செட்டையைப் பாருங்கள். மஞ்சள் குருகின் செட்டை ஓரத்து இறகுகள் நல்ல கறுப்பு, உடலோ வெளிர் மஞ்சள், பளிச்சென்று வேறுபடும். செங்குருகுக்குச் செட்டை முழுக்க ஒரே செங்கபில நிறம். நிற்கும்போது இரண்டும் அலகை வானத்துக்குத் தூக்கி நாணல் தண்டுமாதிரி உறைந்துவிடும். தேடவேண்டியது நாணலின் நுனியை அல்ல, தண்ணீர் தொடும் அடியை. ஒரு துண்டுக் கரையை எடுத்து ஐந்து நிமிஷம் அசையாமல் பாருங்கள்.

கலங்கலுக்குக் காரணம் பைனாக்குலரை உங்கள் கண்ணுக்குச் சரிசெய்யாததாக இருக்கலாம். வலது கண்ணை மூடி, நடுச் சில்லைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, நடுச் சில்லைத் தொடாமல் வலது கண் வில்லையின் வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்தக் குறியை நினைவில் வையுங்கள், அம்மா வாங்கிப் பார்த்தால் கட்டாயம் மாறும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக்கமான டப்பாவில் போடுங்கள். கொழும்பு ஈரப்பதத்தில் தோல் உறைக்குள்ளேயே விட்டால் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும்.

நுளம்பு எண்ணெயைக் கையில் பூசிவிட்டு வில்லையையும் தொடாதீர்கள்.