தினசரி உபயோகத்துக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு மடக்குக் கத்தி: எதை வாங்கலாம்?

கேள்வி (தூத்துக்குடி)

வணக்கம். துறைமுகத்துக்கு அருகில் உள்ள ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். அட்டைப்பெட்டிகளின் ஒட்டுநாடாவைக் கீறுவது, நைலான் கயிற்றை அறுப்பது, எப்போதாவது ஒரு வயரின் மேலுறையைச் சீவுவது, மதியம் ஒரு கொய்யாப்பழத்தை நறுக்குவது ஆகியவைதான் என் தேவைகள். இதுவரை அலகை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் பேப்பர் கட்டரை வைத்திருந்தேன். ஒடிந்த துண்டுகள் தரையில் கிடந்து யாருடைய காலிலாவது ஏறிவிடும் என்பதால் கிடங்கில் அதற்குத் தடை விதித்துவிட்டார்கள்.

இணையக் கடைகளில் தேடினால், கறுப்புப் பூச்சும் பல் வைத்த முதுகுமாகப் பார்த்தாலே மிரட்டும் கத்திகள்தான் சில நூறு ரூபாய்க்கு வரிசைகட்டி நிற்கின்றன. பலவற்றில் எஃகின் பெயராக '440' என்ற எண் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை நம்பலாமா? உப்புக்காற்றில் எது துருப்பிடிக்காமல் நிற்கும்? அலகுக்குப் பூட்டு அவசியமா? சட்டச் சிக்கல் ஏதும் வருமா? லண்டனில் படிக்கும் அக்கா மகனுக்கும் அதே போல ஒன்று வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன்.

மறுமொழி 1 (கோயம்புத்தூர்)

எஃகைப் பற்றிக் கேட்பதற்கு முன் அலகின் கனத்தைக் கேளுங்கள் என்பதே என் முதல் யோசனை. நீங்கள் சொல்லும் மிரட்டும் கத்திகளில் அலகு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கும். அத்தகைய அலகு அட்டையை அறுப்பதில்லை, பிளக்கிறது. கொய்யாப்பழத்தில் வைத்தால் பாதியிலேயே பழம் தெறித்து இரண்டாகிவிடும். அன்றாட வேலைக்கு இரண்டு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய, ஏழெட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள, பல் இல்லாத நேரான அலகு போதும். கூர் சற்று மழுங்கியிருந்தாலும் மெல்லிய அலகு வேலை செய்யும். தடித்த அலகு கூராக இருக்கும்போதுகூட முரண்டு பிடிக்கும்.

இனி எஃகு. 440 என்பது ஒரே எஃகின் பெயர் அன்று. 440ஏ, 440பி, 440சி என மூன்று வகைகள் உண்டு. ஏ வகையில் கார்பன் ஏறத்தாழ 0.7 விழுக்காடு, சி வகையில் 1 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். கூர் நெடுநேரம் நிற்பதற்குக் காரணமான கார்பனின் அளவு இவ்வளவு மாறும்போது, எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பொறிக்கிறவர் எதையோ மறைக்கிறார் என்றே எடுத்துக்கொள்வேன். எழுத்து சரியாக இருந்தாலும், எஃகைப் பழுக்கக் காய்ச்சிக் குளிர்வித்துப் பதம் ஏற்றும் வேலை ஒழுங்காக நடந்திருக்காவிட்டால் பயன் இல்லை. அது வெளியே தெரியவும் தெரியாது. ஆகவே எஃகின் பெயரைவிட, பதம் ஏற்றுவதில் பெயர் வாங்கிய தயாரிப்பாளரையே நான் நம்புகிறேன்.

உங்கள் தொகைக்கு என் தேர்வு ஒபினெல் கத்தியின் 8ஆம் எண். பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவ்வாவில் 1890இல் பிறந்த இந்தக் கத்தி, மரப்பிடி, அலகு, ஊசிமுள் போன்ற ஓர் ஆணி, அதைச் சுற்றி ஒரு பட்டை, மேலே பூட்டு வளையம் என ஐந்தே உறுப்புகளால் ஆனது. வளையம் 1955இல் சேர்க்கப்பட்டது; அலகை விரித்து வளையத்தைத் திருப்பிவிட்டால் அலகு விரல்மேல் மடங்காது. அலகு 8.5 சென்டிமீட்டர் நீளம், இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனம். கார்பன் எஃகிலும் எவர்சில்வரிலும் கிடைக்கிறது. நீங்கள் கடற்கரையில் இருப்பதால் எவர்சில்வரையே வாங்குங்கள். கார்பன் எஃகில் துருவைத் தடுக்கும் குரோமியம் இல்லாததால், கொய்யாவை நறுக்கித் துடைக்காமல் மடித்தால் மறுநாளே கறை படிந்திருக்கும். தொகை போதாவிட்டால், அலகு அரை சென்டிமீட்டர் குறைந்த 7ஆம் எண்ணும் நன்றாகவே இருக்கும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பீச் (beech) மரத்தாலான பிடி ஈரத்தில் ஊறினால் உப்பி, அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போது நகத்தால் இழுத்துப் போராடாமல், பிடியின் அடிப்பகுதியை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு சற்று வெளியே வரும். சவ்வாக்காரர்களின் பழைய உத்தி இது. ஆளி விதை எண்ணெயை மரத்தில் பூசி ஊறவிட்டு உலர்த்தினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

மறுமொழி 2 (நாகர்கோவில்)

முந்தைய நண்பர் எஃகைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் முடிவில் நான் வேறுபடுகிறேன். கேட்டவர் வேலை பார்ப்பது கடலோரக் கிடங்கில். ஈரத்தில் உப்பும் மரப்பிடியை வாங்கிவிட்டு அதற்கு எண்ணெய் ஊட்டிக்கொண்டிருக்க அவருக்கு எங்கே நேரம் இருக்கிறது?

சுவிட்சர்லாந்து நிறுவனமான விக்டோரினாக்ஸின், மடித்த நிலையில் 84 மில்லிமீட்டர் நீளமுள்ள கத்திகளின் வரிசையில் பான்டம் என்று ஒரு சிறு கத்தி உண்டு. பெரிய அலகு ஒன்று, எதிர்ப்பக்கத்தில் ஒரே கூட்டுக்கருவி, அவ்வளவுதான். அந்தக் கூட்டுக்கருவியிலேயே டப்பா திறப்பான், திருப்புளி முனை, வயரின் மேலுறையை உரிக்கும் சிறு பள்ளம் மூன்றும் அடங்கிவிடுகின்றன. அலகைப் பாழாக்காமல் வயரைச் சீவலாம். மெலிதாக இருப்பதால் சட்டைப்பையைக் கீழே இழுக்காது. (இந்தத் திருப்புளிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. சுவிஸ் படைவீரர்கள் தங்கள் 1889ஆம் ஆண்டுத் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டவே கத்தியில் திருப்புளி சேர்க்கப்பட்டது. விக்டோரினாக்ஸை நிறுவிய கார்ல் எல்ஸனர் 1891இல் அந்தப் படைக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார்.)

இந்நிறுவனத்தின் எஃகு, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவுகோலில் 56 அளவே கடினம் உள்ளது. தினமும் அட்டை கிழித்தால் கூர் விரைவில் குறையும் என்பது உண்மை. ஆனால் கடினம் குறைந்ததாலேயே ஐந்து நிமிடத்தில் மீண்டும் கூர் ஏற்றிவிட முடிகிறது. குரோமியம் ஏறத்தாழ 15 விழுக்காடு இருப்பதால் உப்புக்காற்றையும் தாங்குகிறது.

பூட்டு இதில் இல்லை. முதுகில் உள்ள வில்லின் அழுத்தம் மட்டுமே அலகை நிறுத்தி வைத்திருக்கிறது. இழுத்து அறுக்கும் வேலைக்கு அது போதும். முனையால் குத்தித் துளைப்பது, அலகை நெம்புகோலாக்கி மூடியைக் கிளப்புவது ஆகிய இரண்டையும் செய்யவே கூடாது, ஏனெனில் அலகு மடங்கும் திசையில்தான் உங்கள் விரல்கள் இருக்கும். இன்னொன்றும் முக்கியம்: இதன் பிடியை மின்காப்பு என்று எண்ணி, மின்சாரம் ஓடும் வயரில் கை வைத்துவிடாதீர்கள்.

மறுமொழி 3 (மதுரை)

சட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் இந்திய ஆயுத விதிகளில் உள்ள அட்டவணை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுள்ள கத்திகளையே ஆயுதமாக வகைப்படுத்துகிறது. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றை அதிலிருந்து விலக்கியும் இருக்கிறது. மேலே சொன்ன இரண்டு கத்திகளும் அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கின்றன. இருந்தாலும், இரவு நேரச் சோதனையில் நிற்கும் காவலர் அங்குலக்கோலை எடுத்து அளக்கப்போவதில்லை, கத்தியின் தோற்றத்தைத்தான் பார்ப்பார். அழுத்தினால் பாய்ந்து விரியும் பட்டன் கத்தியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். விமானத்தில் செல்வதானால், சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் மட்டுமே கத்தியை வைக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

மறுமொழி 4 (லண்டன்)

உங்கள் அக்கா மகனுக்கு ஒபினெல் 8ஆம் எண்ணைக் கண்டிப்பாகக் கொடுத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணம் எதுவும் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தி மட்டுமே. விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தியை நீதிமன்றங்கள் மடக்குக் கத்தியாகவே ஏற்பதில்லை. அலகு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதுதான் நிலை. உங்கள் ஊரில் பாதுகாப்பு என்று கருதப்படும் அந்த வளையமே இங்கே குற்றத்துக்குக் காரணமாகிவிடும். பான்டம் இரண்டு நிபந்தனைகளுக்கும் பொருந்துகிறது. அதையும் பயன்படுத்தும் தேவை உள்ள நாளில் மட்டும் எடுத்துச் செல்வதே மாணவருக்கு நல்லது.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இருவருக்கும் பான்டமே என்று முடிவு செய்துவிட்டேன். கடைசியாக ஒன்று: எங்கள் தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் இதைக் கொடுக்கலாமா?

மறுமொழி 1 (கோயம்புத்தூர்)

அரிவாளையும் அரிவாள்மனையையும் அவரிடம் கொடுங்கள், இதை வேண்டாம். தண்ணீர் படாமல் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் இவ்வளவு மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறிவிடும். விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். அதன்பின் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. 1000 எண் (கல்லின் பரல் எவ்வளவு நுண்மையானது என்பதைக் குறிக்கும் எண்) கொண்ட சாணைக்கல் ஒன்றை வாங்கி, நீரில் நனைத்து, நீங்களே தீட்டுங்கள். செங்கோணத்தைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, அதைவிடச் சற்றுத் தாழ்வாக அலகைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கத்துக்கு 20 பாகை அளவில் வந்துவிடும். ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்க விளிம்பில் கைக்குத் தட்டுப்படும் பிசிறு முழு நீளத்துக்கும் எழும்பிய பிறகே பக்கத்தை மாற்ற வேண்டும். கடைசியில் அழுத்தமே இல்லாமல் மாறி மாறி நாலைந்து முறை இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். செய்தித்தாளின் ஓரத்தில் வைத்து இழுத்தால் அலகு சிக்காமல் ஓட வேண்டும். சிக்கும் இடத்தில் இன்னும் பிசிறு இருக்கிறது. கல் கையில் இல்லாத நாளில், பீங்கான் கோப்பையின் அடியில் பளபளப்பு ஏறாமல் சொரசொரப்பாக இருக்கும் வளையமும் அவசரத்துக்கு உதவும்.