பள்ளிக்கூடத்தில் அடக்கிக்கொண்டு வருகிறாள், மகளுக்கு மலச்சிக்கல்: என்ன செய்யலாம்?

களுவாஞ்சிகுடி அப்பா:
மகளுக்கு 8 வயது, மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சூடான, வறண்ட கச்சான் காற்று தொடங்கியதில் இருந்து நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறாள். போகும்போது ஒரே அழுகை. காலையில் 6.30க்கு எழும்புவாள், தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும், 7 மணிக்கு வான் வந்துவிடும். போத்தலில் கொடுத்துவிடும் தண்ணீர் அப்படியே திரும்பி வருகிறது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். "குடிச்சா பாத்ரூம் போகணும் அப்பா, அங்க கதவுக்குக் கொளுக்கி இல்ல" என்றாள். அன்று இரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

டொக்டரிடம் காட்டினோம். மலம் இளகப் பாணி மருந்து தந்திருக்கிறார், இப்போது பரவாயில்லை. ஆனால் மருந்தோடு பழக்கத்தையும் மாற்றாவிட்டால் திரும்பவும் வரும் என்றார். என் அம்மாவோ பேதிக்குக் கொடு என்கிறார், எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் என்ன பழக்கினீர்கள் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சம்மாந்துறை உம்மா:
நானா, என் மகனுக்கும் போன வருஷம் இதே கதை. எங்களுக்குக் கைகொடுத்தது நேரம்தான். அவனை 6 மணிக்கே எழுப்பி, பசியாற நல்லாகக் கொடுத்துவிட்டு, கொமட்டில் இருத்தினேன். வயிற்றுக்குள் சாப்பாடு போனதும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்குமாம். நாங்கள் அந்த நேரத்தில்தான் பிள்ளையை வானில் ஏற்றிக்கொண்டிருந்தோம்! 5 நிமிஷம், கூடினால் 10 நிமிஷம். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, ஒரு வார்த்தை ஏசவில்லை. பகல் சோற்றுக்குப் பிறகும் ஒருமுறை.

இன்னொன்று, கொமட்டில் அவனுக்குக் கால் தொங்கிக்கொண்டிருந்தது. காலுக்குக் கீழே சின்னப் பலகை வைத்து, முழங்கால் இடுப்பை விட உயர்ந்து நிற்கும்படி செய்தேன். குந்தியிருப்பது போல வரும், முக்கத் தேவையில்லை.

திருக்கோவில், ஓய்வுபெற்ற தாதி:
தம்பி, பேதி மருந்து வேண்டாம் என்று நினைத்தது மிகச் சரி. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பிள்ளை அடக்கும்போது மலம் குடலிலேயே தங்கிவிடும். தங்கத் தங்க அதிலுள்ள தண்ணீரைக் குடல் உறிஞ்சும். இறுகியது வெளியே வரும்போது நோகும், அந்த நோவுக்குப் பயந்து அடுத்தமுறை இன்னும் அடக்கும். நாளாக ஆகக் குடல் விரிந்து, முட்டுகிற உணர்வே மங்கிவிடும். சில பிள்ளைகளுக்கு உள்ளாடையில் மலம் கசிவதும் இதனால்தான். அதைச் சோம்பல் என்று அடித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், இன்றைக்கும் மனம் ஆறவில்லை. விரிந்த குடல் பழைய நிலைக்கு வர மாதங்கள் எடுக்கும். அதனால் பாணியை நீங்களாக நிறுத்தாமல் டொக்டர் சொல்லும்போது குறையுங்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: வயதோடு 5ஐக் கூட்டுங்கள், ஒரு நாளைக்குக் குறைந்தது அத்தனை கிராம் நார். உங்கள் மகளுக்கு 13. ஒரு கொய்யாப்பழமும் அரைக் கோப்பை அவித்த கடலையும் அதில் பெரும்பங்கைத் தந்துவிடும். பிஸ்கட்டுக்குப் பதில் குரக்கன் பிட்டு, அல்லது அவித்த பயறும் தேங்காய்ப்பூவும். பகலில் சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலைச் சுண்டல், பயிற்றங்காய். பின்னேரம் பப்பாசி. எல்லாவற்றையும் ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதும், கிழமைக்கு ஒன்றாகச் சேருங்கள். தண்ணீர் ஐந்தாறு கிளாஸ், கச்சான் வீசும் நாளில் இன்னும் கூட. பால் அரை லீற்றருக்கு மேல் போகிறதா என்றும் பாருங்கள், பால் வயிற்றை நிரப்பிச் சோற்றைக் குறைத்துவிடும்.

இரத்தம் போனால், வயிறு வீங்கி வாந்தி எடுத்தால், நிறை குறைந்தால் காத்திருக்காமல் கொண்டு போங்கள்.

கல்லடி ஆசிரியை:
பிட்டும் பழமும் கொடுத்தாலும் கொளுக்கி இல்லாவிட்டால் அவள் அடக்கத்தான் செய்வாள். வகுப்பு ரீச்சரைத் தனியே சந்தித்துச் சொல்லுங்கள், கேட்காமலே போய் வர அனுமதியும் வாங்குங்கள். மகளின் பெயரைச் சொல்லாமல் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் எழுப்புங்கள். அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளை அவள் ஒருத்தி மட்டுமாக இருக்காது.

களுவாஞ்சிகுடி அப்பா:
இரண்டு கிழமையாகிறது. கூட்டம் வரும்வரை எனக்குப் பொறுமை இல்லை. ரீச்சரிடம் கேட்டுக்கொண்டு சனிக்கிழமை நானும் இன்னொரு தகப்பனும் போய் மூன்று கதவுக்கும் கொளுக்கி பூட்டினோம். வீட்டில் பலகை வைத்தாயிற்று. காலையில் பிட்டு சாப்பிட்டுவிட்டுத் தானாகவே போய் இருக்கிறாள், இரண்டு நாளைக்கு ஒருமுறை அழாமல் போகிறாள். பாணி தொடர்கிறது. அம்மாதான் இப்போது கடலை அவிக்கிறார். நேற்றுத் தண்ணீர்ப் போத்தல் வெறுமையாக வந்தது.