தண்ணீர் எத்தனை டிகிரி, பெரியப்பா?

*ஞாயிறு*

ஹட்டன் பெரியப்பா: பிள்ளைகளே, வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய சீமெந்துத் தொட்டியைக் கழுவி வைத்துவிட்டேன். தம்பி கொழும்பிலிருந்து ராட்சத அல்லி விதை ஆன்லைனில் எடுத்து அனுப்பியிருக்கிறான், பத்து விதை. தாம்பாளம் மாதிரி இலை வருமாம், பேத்தியை மேலே உட்கார வைக்கலாமாம். எப்படிப் போடுவது என்று நாற்றுமேடைக்காரி சொல்ல வேண்டும்.

நான்: விதை எப்படி வந்தது பெரியப்பா? தண்ணீரிலா, காய்ந்தா?

ஹட்டன் பெரியப்பா: நன்றாகக் காய வைத்து, சின்னப் பையில் போட்டு.

நான்: போச்சு. ராட்சத அல்லிக்கு விக்டோரியா என்று பெயர், அதன் விதை காய்ந்தால் செத்துவிடும். காயிலிருந்து எடுத்த நாள் முதல் விதைக்கிற நாள் வரை அது தண்ணீரிலேயே கிடக்க வேண்டும். படம் எடுத்துப் போடுங்கள்.

கொழும்பு அண்ணா: பாக்கெட்டில் நீலம், மஞ்சள், சிவப்பு என்று எல்லாக் கலரும் இருந்ததே 😅

நான்: அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும் அண்ணா. விக்டோரியா முதல் ராத்திரி வெள்ளையாகப் பூக்கும், அன்னாசி வாசம் அடிக்கும், வாசத்துக்கு வண்டு உள்ளே போனதும் மூடிக்கொள்ளும், மறுநாள் சாயங்காலம் இளஞ்சிவப்பாக விரிந்து, உடம்பெல்லாம் மகரந்தத்தோடு வண்டை வெளியே விடும். இரண்டே ராத்திரிதான். நீலம் கிடையாது.

ஹட்டன் பெரியப்பா: 📷

நான்: கருப்பு, நீள்வட்டம், கல் மாதிரி. இது தாமரை விதை. விக்டோரியா விதை உருண்டையாக, பட்டாணி அளவில் இருக்கும்.

அண்ணா: காசு போச்சு.

நான்: முழுசாகப் போகவில்லை. தாமரை விதை காய்ந்தும் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பெரியப்பா, ஒரு நுனியை மட்டும் சொரசொரப்பான கல்லில் தேய்த்து, உள்ளே வெள்ளை தெரிந்ததும் நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும்.

பெரியம்மா: பீலிக்குப் பக்கத்தில் கல் இருக்கிறது. நான் தேய்க்கிறேன், இவரிடம் கொடுத்தால் பாதி விதை மிஞ்சாது.

ஹட்டன் பெரியப்பா: அது கிடக்கட்டும். எனக்கு ராட்சத அல்லிதான் வேண்டும். நல்ல விதை எங்கே கிடைக்கும்?

நான்: விதை என்னிடம் இருக்கிறது, போத்தலில், தண்ணீரோடு. அதற்கு முன்னால் ஒரு வேலை. தொட்டித் தண்ணீர் எத்தனை டிகிரி என்று நாளைக்குக் காலையிலும் மத்தியானமும் பார்த்துச் சொல்லுங்கள்.

*திங்கள்*

ஹட்டன் பெரியப்பா: காலை 17. மத்தியானம் 20.

நான்: அப்போ விக்டோரியாவில் அமேசானிகா என்கிற வகையை மறந்துவிடுங்கள், அதற்குத் தண்ணீர் 25க்குக் கீழே போகவே கூடாது, முளைக்க 30 பக்கம் வேண்டும். 2022இல் பொலிவியானா என்று புதிதாக ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள், இலை 3.2 மீட்டர் வரை போகும், அதன் காய்ந்த மாதிரி லண்டன் கியூ தோட்டத்தில் 177 வருஷமாக யாரும் அடையாளம் காணாமல் கிடந்ததாம், ஆனால் அது நம் தொட்டிக்கான பேச்சே இல்லை. அமெரிக்காவில் லாங்வுட் தோட்டத்தில் 1961இல் எடுத்த கலப்பினமும் நல்லதுதான், அதன் விதையைப் போட்டால் அதே செடி வரும் என்று நம்ப முடியாது. மிச்சம் குருசியானா. பராகுவே, அர்ஜென்டினா பக்கத்துச் செடி, கொஞ்சம் குளிர் தாங்கும், இலை விளிம்பும் நல்ல உயரமாக நிமிர்ந்து நிற்கும். மொட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்: அமேசானிகா மொட்டு முழுக்க முள், இதில் அடியில் மட்டும். என்னிடம் இருப்பது இதுதான்.

ஹட்டன் பெரியப்பா: அப்போ 17இல் வருமா?

நான்: இல்லை பெரியப்பா 🙏 கொஞ்சக் குளிர் வேறு, ஹட்டன் குளிர் வேறு. ஆடி மாத மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் இலை அழுகிவிடும். முழு வெயிலும் வேண்டும்.

அப்பா: அண்ணே, இங்கிலாந்தில் இதை முதன்முதலில் பூக்க வைத்த பாக்ஸ்டன் என்ற தோட்டக்காரரே நிலக்கரி எரித்துத் தொட்டியைச் சூடாக்கித்தான் வளர்த்தார். ஆகஸ்ட்டில் நாற்று வாங்கி 1849 நவம்பரில் பூ. தன் சின்ன மகளை இலையில் நிற்க வைத்துக் காட்டினார்.

பெரியம்மா: இங்கே கேஸுக்கே கணக்குப் பார்க்கிறோம், இவர் தொட்டிக்கு அடுப்பு வைக்கப் போகிறாரா?

கம்பளை அத்தை: அண்ணே, எங்கள் வீட்டுப் பின்பக்கத் தொட்டி சும்மாதான் கிடக்கிறது. பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி, இரண்டரை அடி ஆழம். நாள் முழுக்க வெயில். நுளம்பு என்று பி.எச்.ஐ. (சுகாதாரப் பரிசோதகர்) ஐயா ஒரு தடவை எச்சரித்துவிட்டுப் போனதால் தண்ணீர் விடவில்லை.

நான்: அத்தை 😍 அதுதான் இடம், கம்பளை ஹட்டன் மாதிரிக் குளிராது. கப்பி மீன் இருபது விடுங்கள், நுளம்புப் புழுவைத் தின்றுவிடும். இலை முழு அளவு வராது, தொட்டிக்குத் தகுந்த மாதிரி நான்கு அடி வந்தாலே பெரிய விஷயம்.

ஹட்டன் பெரியப்பா: எனக்கு என்ன வேலை?

நான்: முளைக்க வைப்பது உங்கள் பொறுப்பு. மார்கழியில் ஆரம்பிப்போம். விதையில் சின்ன மூடி மாதிரி ஒரு வட்டம் இருக்கும், கத்தி நுனியால் அதை மட்டும் நெம்பி எடுக்க வேண்டும், ஆழமாகக் குத்தினால் கரு செத்துவிடும். அப்புறம் கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் ஊற்றி, போத்தலை மீன்தொட்டி ஹீட்டர் போட்ட தொட்டிக்குள் இறக்கி 27இல் வைத்திருங்கள். முதல் இலை நூல் மாதிரி வரும், அதைக் களை என்று பிடுங்கிவிடாதீர்கள். அடுத்தது ஈட்டி மாதிரி. மிதக்கிற வட்ட இலை வந்ததும் சின்னச் சாடியில் களிமண் போட்டு நடுங்கள், குருத்து மண்ணுக்குள் புதையக் கூடாது. போன வருஷம் ராத்திரி கரண்ட் போனது தெரியாமல் தூங்கிவிட்டேன், காலையில் ஆறு நாற்றும் கூழாகிக் கிடந்தன. கரண்ட் போனால் தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள்.

பெரியம்மா: அவர் கம்பளியையே சுற்றட்டும்.

நான்: தை கடைசியில் நாற்றை அத்தை வீட்டுக்குக் கொண்டுபோவோம். அங்கே பெரிய சாடி, களிமண், மக்கிய மாட்டெரு. அது பெருந்தீனிக்காரச் செடி. அத்தை, இலைக்கு அடியில் முழுக்க முள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

அத்தை: பேத்தியை உட்கார வைப்பது?

நான்: மேலே பலகை வைத்து எடையைப் பரப்பினால் ஒரு நிமிஷம், போட்டோவுக்கு மட்டும். இல்லாவிட்டால் கால் ஓட்டை போட்டுவிடும்.

*சனி*

பெரியம்மா: 📷 தாமரை விதையில் நான்கு பச்சையாக மூக்கு நீட்டியிருக்கிறது.

அண்ணா: என் காசு முளைத்துவிட்டது 🥳

ஹட்டன் பெரியப்பா: இதை எங்கே வைப்பது, இதற்கும் கம்பளைதானா?

அத்தை: ஒரு பேசின் இடம் இருக்கிறது அண்ணே. பஸ்ஸில் வரும்போது தண்ணீர் சிந்தாமல் கொண்டு வாருங்கள்.