கைக்குழந்தையின் உடலில் உப்பு தங்கவில்லை: அனுபவமுள்ள பெற்றோரே, உதவுங்கள்

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கையின் மகனுக்கு மூன்று வாரம். பால் குடித்தவுடன் வாந்தி, எடை ஏறவில்லை, கண்கள் குழி விழுந்துவிட்டன. பால் செமிக்கவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இரத்தத்தில் சோடியம் (உப்பு) மிகக் குறைந்து 119, பொற்றாசியம் மிக உயர்ந்து 7.2 என்று அறிக்கை வந்ததும் பதறிப்போனோம். சேலைன் ஏற்றிய பின் பிள்ளை தேறி வருகிறான்.

காரணம் இன்னும் முடிவாகவில்லை. உப்பைத் தக்கவைக்கும் அல்டொஸ்டெரோன் என்ற ஹோர்மோனை, சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரினல் சுரப்பி சுரக்காமல் இருக்கலாம்; அல்லது அது தாராளமாகச் சுரந்தும் சிறுநீரகம் அதற்கு இணங்காமல் இருக்கலாம் என்கிறார் வைத்தியர். முதலாவதென்றால் பெரும்பாலும் இரத்தத்தில் 17-ஹைட்ரொக்சி புரொஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹோர்மோன் மிகவும் உயர்ந்திருக்குமாம். இரண்டாவதில் அது இயல்பாக இருக்க, அல்டொஸ்டெரோனும், அதைச் சுரக்கத் தூண்டும் ரெனினும் எகிறி நிற்கும். சிறுநீர்த் தொற்றும் இதே கோலத்தைக் காட்டக்கூடும் என்பதால் சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கானும் செய்திருக்கிறார்கள். அதிரினல் குறைபாடுள்ள பெண் குழந்தைகளில் பிறப்புறுப்பின் தோற்றமே பெரும்பாலும் சந்தேகத்தைக் கிளப்பிவிடும். ஆண் குழந்தையில் வெளியே பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. எவ்வளவு கொடுமை!

கொழும்பில் அல்டொஸ்டெரோன், ரெனின் பரிசோதனைகளை எந்த ஆய்வுகூடத்தில் செய்தீர்கள்? முடிவு வர எத்தனை நாள் சென்றது? அல்டொஸ்டெரோனுக்குப் பதிலாகக் கொடுக்கும் புளூட்ரோகோர்ட்டிசோன் மாத்திரை தட்டுப்பாடில்லாமல் எங்கே கிடைக்கிறது? உப்புக் கரைசல் கொடுத்த தாய்மார், பிள்ளை அதைக் கக்கிவிடாமல் எப்படிக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். மருந்தளவு மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். அதை வைத்தியரிடமே கேட்டுக்கொள்கிறோம். தங்கையுடன் தொலைபேசியில் பேச விரும்பும் அம்மாமார் இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள்.