பிசிசிஐ (இந்திய கிரிக்கெட் போர்டு) கவர்மென்ட் ஆபீஸே இல்லையாமே, அப்புறம் எப்படி 'இந்தியா' டீம் எடுக்குறாங்க?

சந்தேகசாமி:
நேத்து அண்ணன்கிட்ட செம வாக்குவாதம். பிசிசிஐ ஸ்போர்ட்ஸ் மினிஸ்ட்ரிக்கு கீழதான் வருதுன்னு நான் அடிச்சு சொன்னேன், அவரு சிரிச்சுட்டு அது ஒரு சங்கம்டா, நம்ம ஊர்ல மன்றம் ஆரம்பிச்சா எந்த சட்டத்துல பதிவு பண்ணுவோமோ அதே சட்டம்தாங்கிறாரு. தேடிப் பாத்தா நெஜமாவே தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம்னுதான் போட்டிருக்கு! அப்போ இந்தியான்னு பேரு போட்டு டீம் அனுப்ப இவங்களுக்கு யாரு உரிமை குடுத்தா? நாளைக்கே நானும் நாலு பேரும் சேந்து ஒரு போர்டு ஆரம்பிச்சா என்ன ஆகும்?

பழைய ஸ்கோர்புக்:
அண்ணன் சொன்னது சரி. இது அரசாங்கம் ஆரம்பிச்சது இல்ல, தேவைக்கு முளைச்சது. 1926ல இந்தியாவ ஐசிசில சேத்துக்கிட்டாங்க (உலக கிரிக்கெட் அமைப்பு, அப்போ இம்பீரியல் கிரிக்கெட் கான்ஃபரன்ஸ்னு பேரு), ஆனா நாடு மொத்தத்துக்கும் டீம் பொறுக்க இங்க ஆளே இல்ல. பம்பாய்ல இந்து, பார்சி, முஸ்லிம், ஐரோப்பியர்னு மதத்துக்கு ஒரு டீமா ஆடிட்டு இருந்தாங்க, 1911ல இங்கிலாந்து போன டீமுக்கு பாட்டியாலா மகாராஜா கேப்டன், அவ்ளோதான் கதை. அப்புறம் 1926-27ல ஆர்தர் கில்லிகன் எம்சிசி (இங்கிலாந்தோட மேரிலிபோன் கிரிக்கெட் கிளப்) டீமோட வந்தப்போ டெல்லி ரோஷனாரா கிளப்ல அவரு, பாட்டியாலா மகாராஜா, கிராண்ட் கோவன், ஆண்டனி டி மெல்லோ எல்லாம் உக்காந்து பேசினதுலதான் இதுக்கு பிள்ளையார் சுழி. 1928 டிசம்பர்ல போர்டு வந்துச்சு, கோவன் தலைவர், டி மெல்லோ செயலாளர். நாலே வருஷத்துல, 1932ல, லார்ட்ஸ்ல மொத டெஸ்ட், சி.கே.நாயுடு கேப்டன்.

மாநில டீமுங்க மோதுற ரஞ்சி டிராபியோட மொத மேட்ச் நம்ம சேப்பாக்கத்துலதான், 1934 நவம்பர் 4, மெட்ராஸும் மைசூரும். மொத பந்து போட்டது எம்.ஜே.கோபாலன், ஏ.ஜி.ராம் சிங் 11 விக்கெட் எடுத்தாரு, மேட்ச் ஒரே நாள்ல க்ளோஸ். பாவம் கோபாலன், ஹாக்கியும் ஆடுவாரு, 1936ல பெர்லின் ஒலிம்பிக்ஸா இங்கிலாந்து கிரிக்கெட் டூரானு வந்தப்போ கிரிக்கெட் பக்கம் போனாரு. அங்க ஒரு டெஸ்ட்ல கூட எறக்கல, இங்க ஹாக்கி டீம் தங்கத்தோட வந்து எறங்குது.

வாய்தா ராணி:
சட்டம் பக்கம் நான் சொல்றேன். 2005ல ஜீ டெலிஃபிலிம்ஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 3-2ல பிசிசிஐ 'அரசு' இல்லன்னு சொல்லிடுச்சு. ஆனா பொது வேலை பாக்குறதால ஹைகோர்ட்ல ரிட் (அரசாங்கத்து மேல போடுற மாதிரி மனு) போடலாம். அந்த ஓட்டைலதான் பின்னாடி சுப்ரீம் கோர்ட் போட்ட லோதா கமிட்டியே உள்ள வந்துச்சு: 70 வயசுக்கு மேல பதவி கெடையாது, மந்திரி உக்காரக் கூடாது, அது இதுன்னு. மும்பை, மகாராஷ்டிரா, விதர்பானு ஒரே மாநிலத்துக்கு மூணு ஓட்டு இருந்ததையும் ஒண்ணாக்கச் சொன்னாங்க, ஆனா 2018ல சுப்ரீம் கோர்ட்டே அந்த மூணையும் திரும்ப குடுத்துடுச்சுங்க!

கவர்மென்டே எடுத்து நடத்தலாமேன்னு கேப்பீங்க. 2022 ஆகஸ்ட்ல கால்பந்து சம்மேளனத்த கோர்ட் போட்ட கமிட்டி நடத்திட்டு இருந்தப்போ வெளியாள் தலையீடுன்னு ஃபிஃபா சஸ்பெண்ட் பண்ணிடுச்சு, கமிட்டிய கலைச்ச பெறகுதான் தடைய எடுத்தாங்க.

தனி போர்டு ஆரம்பிக்கலாம்தான், ஆனா அங்கீகாரம் கெடைக்கணுமே. 2007ல ஐசிஎல்னு (இந்தியன் கிரிக்கெட் லீக்) ஒரு தனி லீக் அப்படித்தான் வந்துச்சு, கபில்தேவே இருந்தாரு. பிசிசிஐ அங்கீகாரம் குடுக்கல, அங்க ஆடினவங்களுக்கு ரஞ்சி கூட கெடையாதுன்னுட்டாங்க. 2009ல மன்னிப்பு குடுத்தப்போதான் அம்பத்தி ராயுடு மாதிரி ஆளுங்க திரும்பி வந்தாங்க.

நாலாம் டிவிஷன்:
மேல பேசுறது எல்லாம் சரி, கீழ வந்து பாருங்க. நான் ஜில்லா லீக்ல ஏழு வருஷம் ஆடினவன். மேட்ச் முடிஞ்சதும் ரெண்டு கேப்டன், ரெண்டு அம்பயர் கையெழுத்து போட்ட ஸ்கோர்ஷீட் சங்கத்துக்குப் போகணும், போகலன்னா நீ அடிச்ச செஞ்சுரி அடிச்ச மாதிரியே இல்ல. வேற ஜில்லாவுக்கு மாறணும்னா பழைய சங்கம் குடுக்குற என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கிற சர்டிபிகேட்) வேணும். எனக்கு அத குடுக்க இழுத்தடிச்சதுல ஒரு சீசன் முழுக்க எதிர் கிளப்புக்கு ஸ்கோர் எழுதிட்டு உக்காந்திருந்தேன், பென்சில் சீவிச் சீவி. கிளப், ஜில்லா, மாநிலம், பிசிசிஐ, ஐசிசி, இந்த சங்கிலில எங்கயாவது அறுந்தா நீ வெறும் தெரு கிரிக்கெட்தான் தம்பி.

சந்தேகசாமி:
அப்போ மேல ஐசிசி ஒத்துக்கணும், கீழ மாநில சங்கங்க ஒத்துக்கணும், அதான் உரிமையா? சரி சரி, அண்ணன்கிட்ட தோத்துட்டேன்னு சொல்ல மாட்டேன். ரிட் போடலாம்ங்கிற பாயின்ட்ட மட்டும் வெச்சு இன்னைக்கு நைட்டு திரும்ப ஆரம்பிக்கிறேன்.